அவன் பேரில் வந்த பிரசாதம்

நேசமலரை எங்கள் தொடர்மாடியில் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடியில் என் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவளுடையது. கொழும்பு வெள்ளவத்தையில் சாறி கட்டுகிற பெண்களில் எத்தனையோ பேருக்கு அவள் தைத்த சட்டைதான் உடம்பில் இருக்கும். யாருடைய இடுப்பு எந்த வருடம் எப்படி இருந்தது என்று அவளுக்கு மனப்பாடம். "தீபாவளிக்குப் பிறகு இடுப்பில ரெண்டு இஞ்சி கூடியிருக்கிறியள், என்ன சங்கதி?" என்று வாசலில் வைத்தே கேட்டுவிடுவாள். கேட்கிறவளும் மெலிந்த ஆளில்லை. யாராவது அதைத் திருப்பிச் சொன்னால், "தைக்கிறவளை அளக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டு அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொள்வாள்.

அவளுடைய வீட்டுக்காரர் சிவபாதசுந்தரம் நீதிமன்றம் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுத்துவேலை பார்த்தவர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அதன்பிறகு அந்தத் தையல் மெசின்தான் குடும்பம். காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் மங்கும்வரை எழும்பமாட்டாள். பால்தேத்தண்ணி மட்டும் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். அதோடு ஒரு பிஸ்கட், ஒரு துண்டு கேக், யாரோ கொண்டுவந்த வடை. மகன் தனஞ்சயனும் மகள் மயூரியும் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அவர்கள் மிச்சம் விட்டால் கொட்டக் கூடாது. கொட்டாமல் என்ன செய்வது, அவள்தான் சாப்பிடுவாள். அந்த உடம்பு அப்படி வந்தது. சோம்பலில் வந்தது என்று யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

தனஞ்சயனுக்கு முப்பது வயது நடக்கும்போது கால் வீங்கியது. நுகேகொடையில் கம்பியூட்டர் திருத்துகிற கடையில் வேலை. நின்று நின்று வீங்கியது என்று விட்டுவிட்டார்கள். பிறகு முகம் வீங்கியது. கொண்டுபோய்க் காட்டினால் இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்து மெசினால் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியதாகிவிட்டது. பகிடிக்காரப் பெடியன். "இப்ப எங்கட வீட்டில அம்மாவும் மெசினில, நானும் மெசினில. மயூரிதான் சும்மா இருக்கிறா" என்பான்.

எத்தனை நாளைக்கு மெசினை நம்புவது? யாராவது ஒரு சிறுநீரகம் கொடுக்க வேண்டும். மயூரியின் இரத்தம் அவனோடு சேரவில்லை. தாயின் இரத்தம் சேர்ந்தது. அதைக் கேட்ட அன்று நேசமலர் எங்கள் மாடியில் எல்லோருக்கும் பாற்கஞ்சி கொடுத்தாள், பிள்ளை பாஸ் பண்ணியதுபோல.

பெரிய டொக்டரைப் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் சந்தைக்குப் போய்ப் போய்ச் சிங்களம் காதில் ஏறிவிட்டது. டொக்டர் சிங்களத்தில் சொன்னதை மயூரி தாய்க்குச் சொன்னாள். சிறுநீரகம் நல்லது. ஆனால் இந்த நிறையில் கத்தி வைக்க முடியாது. வைத்தாலும், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதோடு இவ்வளவு பாரத்தைச் சுமக்க ஏலாது. இரத்தத்தில் சீனியும் எல்லையில் வந்து நிற்கிறது. நிறையை எண்பது கிலோவுக்குக் கீழே இறக்கிக்கொண்டு நவம்பரில் வாருங்கள். சீனி மட்டும் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிறகு இந்தக் கதையே இல்லை.

"அவ்வளவுதானே?" என்றாள் நேசமலர். "வெட்டிக் குடுக்கிறதை விட மெலியிறது லேசெல்லோ."

அப்போது சித்திரை மாதம்.

கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்ல ஒரு மிஸ் இருந்தாள். எதைத் தின்பது, எதைக் குடிப்பது என்று பொறுமையாகச் சொன்னாள். சோற்றைக் குறையுங்கள், தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், மாலையில் நடவுங்கள். நேசமலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுகிழமை மயூரி என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"ஆச்சி, வந்து பாருங்கோ. சோத்தை விட்டிட்டன் எண்டு சொல்லிப்போட்டு ரெண்டு நீத்துப்பெட்டி புட்டு சாப்பிடுறா."

"புட்டு வேற, சோறு வேற" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ரெண்டும் அரிசி, அம்மா!"

"இது அவிச்சது."

"சோத்தை என்ன, சுட்டோ சாப்பிடுறது?" என்று நான் கேட்டேன். தனஞ்சயன் கட்டிலில் இருந்தபடி சிரித்தான். தேத்தண்ணிக் கதையும் அதேதான். சீனி போடுவதில்லை, ஆனால் ஒவ்வொரு மிடறுக்கும் பனங்கட்டியைக் கடித்துக்கொள்வாள். "பனங்கட்டி மருந்தெல்லோ ஆச்சி" என்றாள். "மருந்தெண்டா கரண்டியால குடிக்கிறது. நீ கட்டியாக் கடிக்கிறாய்" என்றேன். முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் அடுத்த நாள் பனங்கட்டிப் போத்தல் என் வீட்டுக்கு வந்துவிட்டது.

அவள் ஒன்றை விளங்கிக்கொண்டால் பிறகு பிசகமாட்டாள். சாப்பாட்டுத் தட்டில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ என்று மிஸ் சொன்னதைத் துணி வெட்டுகிற மாதிரி எடுத்துக்கொண்டாள். துணியில் குறி போடுகிற தையற்சோக்கால் தட்டில் கோடு போட்டாள். கழுவும்போது அழியும், அடுத்த நேரம் திரும்பப் போடுவாள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சிவப்பரிசிச் சோறு ஒரு பருக்கை தாண்டாது. வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, பாவற்காய், தேங்காய்ப்பால் விடாத மீன்குழம்பு. பால்தேத்தண்ணி போய் வெறும் தேத்தண்ணி வந்தது. முதல் நாட்களில் அதைக் குடிக்கும்போது அவளுடைய முகம் கஷாயம் குடிக்கிற பிள்ளையின் முகம்போல இருக்கும். பின்னேரங்களில் நானும் அவளும் கடற்கரை வீதியில் நடப்போம். நான் மெதுவாகத்தான் நடப்பேன், அவளும் எனக்காக மெதுவாக நடப்பாள். பிறகு என்னை ஒரு கல்லில் இருத்திவிட்டு அவள் மட்டும் தண்டவாளப் பக்கமாக வேகமாகப் போய்த் திரும்பி வருவாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். கடலைக்காரன் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

உடம்பு இறங்கியது. பொய் சொல்லவில்லை, கண்ணுக்கு முன்னால் இறங்கியது. சட்டைகள் தொளதொளத்தன. எல்லாவற்றையும் பிடித்துத் தைத்தாள். தையற்காரர் பிடித்துத் தைத்தாலும் உள்ளே மிச்சத்துணியை விட்டுவைப்பார்கள், பிறகு தேவைப்பட்டால் அவிழ்க்கலாம். நேசமலர் கத்திரிக்கோலை எடுத்து அந்த மிச்சத்தை வெட்டிக் குப்பையில் போட்டாள். "இனி அவிழ்க்கிற வேலை இல்லை" என்றாள். ஆடி மாதக் கிளினிக்கில் டொக்டர் எழும்பி நின்று கை குலுக்கினார். சீனியும் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது.

"அம்மா எனக்காக மெலியிறா. நான் ஒண்டும் செய்யாமலே மெலியிறன். பாத்தீங்களோ ஆச்சி, எனக்குத்தான் கெட்டித்தனம்" என்றான் தனஞ்சயன். அவனுடைய கைமணிக்கூடு முழங்கைவரை ஏறி இறங்கியது. அதைப் பார்க்காத மாதிரி நாங்கள் சிரித்தோம்.

கீழ்மாடியில் பொன்னம்பலம் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். காலையும் மாலையும் கோயில்தான். தனஞ்சயனின் சிறுநீரக வருத்தம் அவருக்கு ஆடிவேல் திருவிழா நேரம்தான் தெரியவந்தது. அன்றே அவன் பேரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்து, தட்டை மூன்றாம் மாடிக்கு எடுத்துவந்தார். அரைத் தேங்காய், வாழைப்பழம், கிண்ணத்தில் பஞ்சாமிர்தம், வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல்.

"தம்பிக்கு ஒரு வாய் குடுங்கோ. எல்லாம் சரிவரும்" என்றார். கண் கலங்கியிருந்தது. உண்மையான மனுஷன்.

தம்பிக்கு அதில் ஒன்றும் கூடாது. சிறுநீரகம் போனவனுக்கு வாழைப்பழமே நஞ்சு, நெஞ்சை நிறுத்திவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். தேங்காயும் அப்படி, பேரீச்சம்பழமும் அப்படி. அவன் விபூதியை மட்டும் பூசிக்கொண்டான். தட்டு சாமிப்படத்துக்கு முன்னால் இருந்தது. அடுத்த நாள் காலையில் நான் போனபோது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஆர் சாப்பிட்டது?" என்று கேட்டேன்.

"நான்தான் ஆச்சி."

"கோடு எங்க போட்டனி?"

"இது சாப்பாடில்லை. பிரசாதம்."

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்டுதான். கீழ வாச்சர் இருக்கிறான், ரெண்டாம் மாடியில சின்னப் பிள்ளையள் இருக்குதுகள். குடுத்துவிடு."

"அவன்ர பேரும் நட்சத்திரமும் சொல்லிச் செய்தது. வெளியில போனா பலனும் வெளியில போயிடும். அவனுக்குச் சாப்பிட ஏலாது. பெத்தவள் நான் சாப்பிட்டா அவன் சாப்பிட்ட மாதிரி."

நான் ஒன்றும் பேசவில்லை என்று நினைக்க வேண்டாம். நன்றாகப் பேசினேன். அவள் மெசினை ஓட்டத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை.

ஆடி முடிந்து ஆவணிச் சதுர்த்திக்கு மோதகம் வந்தது. புரட்டாதியில் நவராத்திரி. பொன்னம்பலத்தைப் பார்த்து மற்ற மாடிக்காரரும் அருச்சனை செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாலையும் கதவு மணி அடிக்கும், அவல், கடலை, வடை, சர்க்கரைப் புக்கை. எல்லோரும் அதையேதான் சொல்வார்கள், தம்பிக்கு ஒரு வாய் குடுங்கோ. கொடுக்க முடியாது என்று அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்முகத்தோடு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சோக்கால் போட்ட கோடு தட்டில் அப்படியே இருந்தது. பகல் சோறு ஒரு பருக்கை தாண்டவில்லை, தேத்தண்ணியில் சீனி விழவில்லை, நடையும் நிற்கவில்லை. பிரசாதம் மட்டும் கோட்டுக்கு வெளியே. சட்டையின் கைகள் இறுகின. உள்ளே அவிழ்க்க மிச்சத்துணி இல்லை. அக்குள் தையலைப் பிரித்து ஊசி குத்திக்கொண்டு நடந்தாள்.

நான் பொன்னம்பலத்திடம் இறங்கிப் போனேன்.

"பொன்னம்பலத் தம்பி, அருச்சனையைச் செய்யும். தட்டை அங்கயே விட்டிட்டு வாரும்."

"பிரசாதத்தை விட்டிட்டு வாறதோ? என்ன கதைக்கிறியள் எண்டு விளங்குதோ ஆச்சி?"

"விளங்குது. அவள் திரும்பக் கொழுக்கிறாள்."

"சாமியின்ர சாப்பாட்டில ஒருத்தரும் கொழுக்கிறேல்லை."

"சாமிக்குப் போடுற சர்க்கரை எந்தக் கடையில வாங்கிறது? நீர் வாங்கிற அதே கடையிலதானே?"

அவருக்குக் கோபம் வந்தது. பிறகு கோபம் போய் முகம் சுருங்கியது. "அந்தப் பெடியன் எங்கட குடும்பத்தில ஒருத்தன் மாதிரி. வெறுங்கையோட போய் அந்தக் கதவில என்னத்தைச் சொல்லி நிக்கிறது, ஆச்சி? அவவின்ர முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது" என்றார்.

ஆனாலும் என் சொல்லைக் கேட்டார். சில நாள் விபூதி மட்டும் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கும் சொல்லிவைத்தார். அதற்கும் பலனில்லை. நேசமலர் ஒருநாள் காலையிலேயே அவருடைய வாசலில் போய் நின்றாள். "ஏன் அண்ணை பிரசாதம் வாறேல்லை? அருச்சனையை நிப்பாட்டிப் போட்டியளோ? அவனைக் கைவிட்டிட்டியளோ?" என்று கேட்டாளாம். அந்த மனுஷன் என்ன செய்வார்? அன்று மாலையே தட்டு மேலே ஏறியது, வழக்கத்தை விட நிறைவாக.

கந்தசஷ்டி வந்தது. சூரன்போருக்குப் பிறகு கிளினிக். நேசமலர் எல்லாக் கணக்கையும் அந்த விரதத்தில் வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறு நாளும் வெறும் தண்ணீர், பின்னேரத்தில் ஒரு மிடறு பால். மெசினில் உட்கார்ந்தபடியே ஒருநாள் சாய்ந்துவிட்டாள். மயூரி கோப்பையில் கஞ்சியை வைத்துக்கொண்டு அழுதாள்.

"அம்மா, இப்படிச் செய்யச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. மெல்ல மெல்லக் குறைக்கச் சொன்னது."

"மெல்லக் குறைக்க அவனுக்கு நேரமில்லை, பிள்ளை."

மயூரி கஞ்சிக் கோப்பையை மூடி வைத்தாள். விரதம் முடிந்து பாறணைக்கு ஊரெல்லாம் சாப்பிட்டது, அவள் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். ஊசி தேவைப்படவில்லை.

கிளினிக்கில் தராசில் ஏறினாள். எண்பதுக்குக் கீழே. சாப்பாட்டு மிஸ் கையைத் தட்டினாள். நேசமலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். மெலிந்த முகத்தில் பல் மட்டும் பெரிதாக இருந்தது.

டொக்டர் இரத்தப் பரிசோதனைக் கடுதாசியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மயூரியிடம் பேசினார். மயூரி சொல்வதற்கு முதலே எனக்கு விளங்கிவிட்டது. தராசு இன்றைய நிறையைத்தான் சொல்லும். இந்தப் பரிசோதனை மூன்று மாதத்துச் சீனியைச் சொல்லும். ஆறு நாள் பட்டினி அதை ஏமாற்றாது. ஆடியிலிருந்து சாப்பிட்டது அத்தனையும் இரத்தத்தில் இருந்தது. எல்லையைத் தாண்டி நெடுந்தூரம் போயிருந்தது.

"என்னவாம்?" என்றாள் நேசமலர்.

"சீனி கூடிப்போச்சாம்" என்றாள் மயூரி. மிச்சத்தைச் சொல்லவில்லை.

"நிறை சரியெண்டு மிஸ் சொன்னவதானே. சீனியைக் குறைச்சுக்கொண்டு தை மாசம் வாறன் எண்டு சொல்லு."

மயூரி சொன்னாள். டொக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். சீனி வருத்தம் வந்துவிட்ட ஒருவரிடமிருந்து எடுக்கமாட்டோம், மருந்தில் குறைந்தாலும் எடுக்கமாட்டோம். அந்த வருத்தம் நாளைக்கு உங்கள் சிறுநீரகத்துக்குத்தான் வரும். உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

"எனக்கென்னத்துக்கு ரெண்டு?" என்று கேட்டாள் நேசமலர்.

மயூரி அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. டொக்டருக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது தனஞ்சயன் கதவைத் திறந்தான். தாயின் முகத்தைப் பார்த்தான். "சரி, வாங்கோ. தேத்தண்ணி போட்டு வைச்சிருக்கிறன், சீனி இல்லாமல்" என்றான். நான் என் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன்.

மாலையில் மணி அடித்தது. பொன்னம்பலம். அவருக்கு ஒன்றும் தெரியாது. கையில் தட்டு, பஞ்சாமிர்தத்தின் வாசம் வாசல்வரை வந்தது. "கிளினிக் நல்லபடியா முடிஞ்சதோ, பிள்ளை? தம்பிக்கு ஒரு வாய் குடுங்கோ" என்றார்.

நேசமலர் எழும்ப முதல் தனஞ்சயன் எழும்பிப் போய்த் தட்டில் கையை வைத்தான். "என்ர பேரில வந்ததெல்லாத்தையும் நீங்கள்தானே அம்மா சாப்பிட்டனீங்கள். இதை நான் சாப்பிடுறன்" என்றான். பகிடியாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது அது பகிடியில்லை. பழத்துண்டு ஒன்று விரலில் இருந்தது. மயூரி கத்தினாள். நேசமலர் ஓடிப்போய் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். இருவருக்கும் பலமில்லை, அவனுக்கு வருத்தத்தால், அவளுக்குப் பட்டினியால். இருவரும் கொஞ்சநேரம் அப்படியே நின்றார்கள். பிறகு அவன் விரலை விரித்தான். துண்டு நிலத்தில் விழுந்தது.

"அண்ணை, இதைக் கொண்டுபோங்கோ" என்றாள் நேசமலர்.

"பிள்ளை, பிரசாதத்தை எப்படித் திருப்பி..."

"கொண்டுபோங்கோ."

அவர் தட்டோடு படியில் நின்றார். மேலே வைக்கவும் முடியவில்லை, கீழே கொண்டுபோகவும் கால் வரவில்லை. கடைசியில் நான்தான் வாங்கினேன். காலையில் அந்தத் தட்டு எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அது போன வருடம். தனஞ்சயன் இப்போது முன்பின் தெரியாத ஒருவருடைய சிறுநீரகத்துக்கு வரிசையில் இருக்கிறான். வரிசை நீளம். நேசமலருக்கு வரிசையில் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. அவள் சீனிக்கு மருந்துக் குளிசை குடிக்கிறாள். தட்டில் கோடு இன்னும் போடுகிறாள், வெறும் தேத்தண்ணி குடிக்கிறாள், பின்னேரம் நடக்கிறாள். இப்போது என்னைக் கல்லில் இருத்துவதில்லை, என்னோடு மெதுவாகவே நடக்கிறாள். "இனி ஆருக்காகப் பிள்ளை இவ்வளவும்?" என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று சொல்வார்கள். நான் கேட்பேன். "பழகிப்போச்சு ஆச்சி" என்றாள்.

அவளுடைய சட்டைகள் அளவாக இருக்கின்றன. இப்போது அவள் பிடித்துத் தைப்பதெல்லாம் தனஞ்சயனின் சேட்டுகளைத்தான். மாதத்துக்கு ஒருமுறையாவது மெசினில் கிடக்கும், தோளில் கொஞ்சம், பக்கத்தில் கொஞ்சம். உள்ளே மடிந்து கிடக்கும் மிச்சத்துணியை மட்டும் அவள் வெட்டுவதில்லை.